மாட்டுக் கொட்டகைக்கு மின்சாரம்

வீட்டின் பின்கட்டைத் தாண்டினால் கிணற்றடி. அதற்கப்பால் நான்கு தென்னை மரங்கள். அவற்றுக்கும் அப்பால் மாட்டுக் கொட்டகை. நம் ஊர்ப்புறங்களில் இத்தகைய வீடுகள் ஏராளம். விடியுமுன் பால் கறக்க ஒரு விளக்கு வேண்டும். கோடையில் மாட்டுக்கு ஒரு மின்விசிறி இருந்தால் நல்லது. சோளத்தட்டையை நறுக்க ஒரு தீவன இயந்திரமும் வாங்கியாயிற்று. வீட்டில்தான் மின்சாரம் இருக்கிறதே, கொட்டகைக்கும் ஒரு வயரை இழுத்துவிட்டால் போயிற்று என்று தோன்றுவது இயல்பு.

பல வீடுகளில் நடப்பதும் அதுதான். சமையலறை ஜன்னல் வழியாக இரட்டை வயர் ஒன்று வெளியே வருகிறது. கிணற்றடித் தூணில் ஒரு சுற்று, தென்னையில் ஓர் ஆணி, கொட்டகை மூங்கிலில் ஒரு முடிச்சு. நீளம் போதாத இடத்தில் ஓர் ஒட்டு. அதன்மேல் கறுப்பு நாடா. சுவிட்சைப் போட்டதும் பல்பு எரிகிறது. வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

பல்பு எரிவதற்கு இரண்டு வயர்கள் போதும். ஆனால் அங்கே வேலை செய்பவரும் கட்டியிருக்கும் மாடும் உயிரோடிருக்க இன்னும் சில தேவை. அவை எவை, ஏன் தேவை என்பதை இங்கே காண்போம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு நீங்களே திருப்புளியுடன் இறங்கிவிடக் கூடாது. இது அரசு உரிமம் பெற்ற ஒயர்மேன் செய்ய வேண்டிய வேலை. அவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் செய்தது சரிதானா என்று அறிந்துகொள்வது உங்கள் பொறுப்பு.

கொட்டகை, வீட்டின் இன்னோர் அறையா?

வீட்டுக்கும் கொட்டகைக்கும் வருவது ஒரே 230 வோல்ட் மின்சாரம்தான். வேறுபாடு நாம் நிற்கும் தரையில் இருக்கிறது.

உலர்ந்த சிமெண்டுத் தரையில், காலில் ரப்பர்ச் செருப்புடன், உலர்ந்த கையால் பழுதான ஒரு கருவியைத் தொடுகிறீர்கள் என்று கொள்வோம். தோல், செருப்பு, தரை எல்லாம் சேர்ந்து மின்சாரத்தின் பாதையில் ஒரு லட்சம் ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஓமின் விதிப்படி 230-ஐ ஒரு லட்சத்தால் வகுத்தால் 2.3 மில்லி ஆம்பியர் வரும். மில்லி ஆம்பியர் என்பது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுரீரென்று ஓர் உணர்ச்சி. கையை உதறிவிட்டு அப்பால் போய்விடுவீர்கள்.

கொட்டகையில் நிலை வேறு. தரை எப்போதும் ஈரம். அதில் சாணமும் கோமியமும் கலந்திருக்கின்றன. உப்புகள் கரைந்த நீர் தூய நீரைவிட மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பால் கறப்பவர் வெறுங்காலுடன் நிற்கிறார், கையும் நனைந்திருக்கிறது. இப்போது தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அதே 230 வோல்ட், அதே பழுது. உடல் வழியே பாயும் மின்னோட்டமோ 230 மில்லி ஆம்பியர். ஏறக்குறைய நூறு மடங்கு!

உடல் தாங்குவது எவ்வளவு?

இந்த எண்களின் பொருளை அறிய, அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சீல் செய்த ஆய்வுகள் உதவுகின்றன. தாமாக முன்வந்த ஆண்களையும் பெண்களையும் ஒரு கம்பியைப் பற்றிக்கொள்ளச் செய்து, மின்னோட்டத்தை மெல்லமெல்ல உயர்த்தினார் அவர். ஒரு கட்டத்துக்கு மேல், கம்பியை விட்டுவிட விரும்பினாலும் அவர்களால் விட முடியவில்லை. மாறுதிசை மின்னோட்டம் கைத்தசைகளை இறுகச் செய்துவிடுகிறது. இந்த எல்லை சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு சுமார் 10.5 மில்லி ஆம்பியர். 'கரண்டு பிடித்து இழுத்துக்கொண்டது' என்று நாம் சொல்வதன் உட்பொருள் இதுதான். மின்சாரம் யாரையும் இழுப்பதில்லை. நம் தசையே நம் சொல் கேளாமல் கம்பியை இறுகப் பற்றிக்கொள்கிறது.

30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் மார்பின் வழியே நீடித்துப் பாய்ந்தால், இதயம் ஒழுங்கான துடிப்பை இழந்து, இரத்தத்தைத் தள்ள இயலாமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும் அபாயம் உண்டு. மின்னோட்டம் மிகமிக, அதைத் தாங்கக்கூடிய நேரம் குறைகிறது. 40 வாட் குண்டு பல்பு ஒன்று எடுத்துக்கொள்வது சுமார் 170 மில்லி ஆம்பியர். ஈரத்தரையில் நாம் கணக்கிட்ட 230 மில்லி ஆம்பியர் அதைவிட அதிகம்.

பியூஸ் யாரைக் காக்கிறது?

'எங்கள் வீட்டில் பியூஸ் இருக்கிறது, ஏதாவது ஆனால் அது போய்விடும்' என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைச் சற்று சோதித்துப் பார்ப்போம்.

பியூஸ் கம்பியானாலும், அதன் இடத்தில் இன்று வந்துள்ள எம்.சி.பி. சுவிட்சானாலும், அதற்கு ஒரு மின்னோட்ட அளவு குறிக்கப்பட்டிருக்கும். 16 ஆம்பியர் என்று கொள்வோம். அதற்கு மேல் மின்னோட்டம் போனால்தான் அது இணைப்பைத் துண்டிக்கும். வயர் சூடேறித் தீப்பற்றாமல் காப்பது அதன் பணி. அதைச் செவ்வனே செய்கிறது. ஆனால் மனிதர் ஒருவர் ஷாக்கில் சிக்கினால் கூடுதலாகப் போவது 0.23 ஆம்பியர். 16 ஆம்பியருக்காகக் காத்திருக்கும் பியூஸ் இதை எவ்வாறு உணரும்? அதைப் பொறுத்தவரை இன்னும் ஒரு பல்பு எரிகிறது, அவ்வளவே.

பியூஸ் காப்பது வயரை. மனிதரைக் காக்க வேறு ஏற்பாடு வேண்டும். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

எர்த் போட்டால் போதுமா?

அந்த ஏற்பாட்டின் முதற்பகுதி எர்த் என்னும் நில இணைப்பு. தீவன இயந்திரத்தின் இரும்பு உடலிலிருந்து ஒரு பச்சை வயர் புறப்பட்டு, நிலத்தில் புதைத்த குழாயில் போய்ச் சேருகிறது. இயந்திரத்துக்குள் வயரின் மின்காப்பு தேய்ந்து, பேஸ் வயர் இரும்பு உடலைத் தொட்டுவிட்டால், மின்சாரம் நிலத்துக்குச் செல்ல இப்பாதை உதவும்.

இது மிகவும் தேவை. ஆனால் 'எர்த் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை' என்று இருந்துவிட முடியாது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. குழாய் ஒன்றை ஓரளவு ஈரமான மண்ணில் புதைத்தால், அதற்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள தடை சுமார் 20 ஓம் இருக்கும். வறண்ட மணலில் இது பல மடங்கு கூடும். மின்னோட்டம் மண்ணில் இறங்கி, தெருமுனை டிரான்ஸ்பார்மரின் எர்த் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். அங்கே 3 ஓம் என்று கொண்டால் மொத்தம் 23 ஓம். 230-ஐ 23-ஆல் வகுக்க, 10 ஆம்பியர்.

இப்போது 16 ஆம்பியர் பியூஸ் என்ன செய்யும்? ஒன்றுமே செய்யாது. பழுது நீடிக்கிறது. 10 ஆம்பியர் மின்னோட்டம் 20 ஓம் தடையுள்ள குழாயில் இறங்குவதால், அக்குழாயும், அதனோடு இணைந்த இயந்திரத்தின் உடலும் 200 வோல்ட்டில் நிற்கின்றன! தொட்டால் உயிருக்கு ஆபத்து. இன்னொரு வேடிக்கை: மணிக்கு 2.3 யூனிட் மின்சாரம் மண்ணுக்குள் வீணாகப் போய்க்கொண்டிருக்கும். காரணம் தெரியாமல் மின்கட்டணம் திடீரென ஏறினால், இப்படி ஒரு கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

16 ஆம்பியர் எம்.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்க வேண்டுமானால், அதன் வகைக்கேற்ப 80 முதல் 160 ஆம்பியர் வரை பாய வேண்டியிருக்கும். அதற்குப் பாதையின் மொத்தத் தடை ஒன்றிரண்டு ஓமுக்குள் அடங்க வேண்டும். கொல்லையில் புதைத்த ஒற்றைக் குழாயால் இது ஆகிற காரியமல்ல. உப்பும் கரியும் கொட்டி, தினம் நான்கு குடம் தண்ணீர் ஊற்றினாலும் தடை ஓரளவுதான் குறையும்.

வரவும் செலவும் பார்க்கும் கருவி

இங்கேதான் இரண்டாம் பகுதி வருகிறது. நிலக்கசிவைக் கண்டறிந்து துண்டிக்கும் சுவிட்சு அது. கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கிடைக்கும். இவ்வகைக் கருவி ஒன்றை 1961-இல் வடிவமைத்தவர், நாம் முன்பு சொன்ன அதே டால்சீல். தம் ஆய்வுகளில் கண்ட சிறு மின்னோட்டங்களை உணரும் கருவி வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

இதன் தத்துவம் எளியது. பேஸ் வயரில் எவ்வளவு மின்னோட்டம் போகிறதோ, அவ்வளவும் நியூட்ரல் வயர் வழியே திரும்ப வேண்டும். இரு வயர்களையும் ஒரு காந்த வளையத்தின் நடுவே செலுத்தினால், எதிரெதிர்த் திசைகளில் செல்லும் இரு மின்னோட்டங்களின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வளையத்தில் காந்தப்புலம் இராது. ஆனால் ஓரிடத்தில் மின்சாரம் மண்ணுக்கோ மனித உடலுக்கோ கசிந்தால், திரும்பி வருவது குறையும். அந்த வேறுபாட்டால் வளையத்தில் காந்தப்புலம் தோன்றி, அதைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்சாரத்தைத் தூண்ட, சுவிட்சு விழுந்துவிடும். நாளின் முடிவில் வரவையும் செலவையும் ஒப்பிட்டுக் குறையைக் கண்டுபிடிக்கும் கணக்குப்பிள்ளையைப் போன்றது இது. ஆனால் இந்தக் கணக்குப்பிள்ளை ஒவ்வொரு கணமும் கணக்குப் பார்க்கிறார்.

மனிதர்களைக் காக்க 30 மில்லி ஆம்பியர் என்று குறிக்கப்பட்ட வகையையே வாங்க வேண்டும். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகளும் உண்டு. 300 மில்லி ஆம்பியர் வகை தீ விபத்தைத் தடுப்பதற்கானது. கசிவு 150 மில்லி ஆம்பியரை எட்டினால் நல்ல ஆர்.சி.சி.பி. நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் துண்டித்துவிடும்.

மேலே போட்ட கணக்கை இப்போது மறுபடி பாருங்கள். கசிவு 10 ஆம்பியர். கருவி கேட்பதோ 0.03 ஆம்பியர்தான். பழுது ஏற்பட்ட அக்கணமே சுவிட்சு விழுந்துவிடும். குழாயின் 20 ஓம் தடையும் ஒரு குறையாகத் தெரியாது.

'அப்படியானால் இதை மட்டும் மாட்டிவிட்டு எர்த்தை விட்டுவிடலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. எர்த் வயர் இல்லாவிட்டால், பழுது ஏற்பட்டாலும் மின்சாரம் கசிய வழியில்லை, கருவியும் விழாது. யாராவது இயந்திரத்தைத் தொட்ட பிறகு, அவர் உடலே பாதையான பிறகுதான் விழும். எர்த் வயர் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழும். ஆகவே இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும்.

இக்கருவியின் எல்லைகளையும் அறிந்திருப்பது நல்லது. ஒருவர் ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டுவிட்டு, நிலத்துக்குக் கசிவு இல்லாவிட்டால், அவரையும் ஒரு பல்பு என்றே இது எண்ணிக்கொள்ளும். மிகையான சுமையையும் இது கவனிக்காது, அதற்கு எம்.சி.பி. உடன் இருக்க வேண்டும். கொட்டகைப் பகுதியில் எங்கும் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கிவிடக் கூடாது. முறுக்கினால் கருவி நிற்காது. போதாக்குறைக்கு, வரும் வழியில் நியூட்ரல் அறுந்தால் இரும்பு உடல்களிலெல்லாம் மின்சாரம் ஏறிவிடும்.

மாட்டுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

மனிதர் தாங்கும் மின்னழுத்தத்தை மாடு தாங்காது. அதன் உடல் வழித்தடை நம்முடையதைவிடக் குறைவு. குளம்புகள் எப்போதும் ஈரத்தில். முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் இடையே சுமார் ஒன்றரை மீட்டர் தூரம். நிலத்தில் மின்சாரம் பரவும்போது இடத்துக்கு இடம் மின்னழுத்தம் மாறும். முன்கால் இருக்குமிடத்தில் ஒன்றும், பின்கால் இருக்குமிடத்தில் வேறொன்றுமாக இருந்தால், மின்னோட்டம் உடலின் வழியே, இதயத்தையும் கடந்து செல்லும். இரண்டு காலில், ஓரடி இடைவெளியில் நிற்கும் நமக்கு அருகில் ஒன்றும் தோன்றாமலிருக்க, மாடு சுருண்டு விழக்கூடும்.

எர்த் குழாயைச் சுற்றி ஓரிரு மீட்டருக்குள்தான் மின்னழுத்தம் செங்குத்தாக இறங்குகிறது. ஆகவே எர்த் குழியை மாடு நிற்கும் இடத்துக்கும், கட்டுத்தறிக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும் அருகே தோண்டக் கூடாது.

கொட்டகையிலுள்ள இரும்புத் தூண், தண்ணீர்க் குழாய், தீவனத்தொட்டியின் இரும்புச் சட்டம் ஆகிய எல்லாவற்றையும் ஒரு கம்பியால் இணைத்து எர்த்தோடு சேர்ப்பது சிறந்தது. எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னோட்டம் பாய வழியில்லை. புதிதாகத் தளம் போடுபவர்கள் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிவலையையும் இதனோடு இணைத்துவிடலாம்.

சில வோல்ட் அளவான கசிவைக்கூட மாடு உணர்கிறது. காரணமின்றி ஒரு குறிப்பிட்ட தொட்டியில் தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, கறவை நேரத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துத் தவித்தாலோ, கால்நடை மருத்துவரோடு ஒயர்மேனையும் அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தூரத்துக்கு விலை உண்டு

கொட்டகை வீட்டிலிருந்து 40 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்போம். போக 40, வர 40, ஆக 80 மீட்டர் கம்பி. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். 80 மீட்டருக்கு ஏறத்தாழ 1 ஓம். பல்புக்கும் விசிறிக்கும் இது பொருட்டல்ல.

ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் 7 ஆம்பியர் எடுக்கும். 7 வோல்ட் வழியிலேயே போகும். ஆனால் மோட்டார் கிளம்பும் வேளையில் ஐந்து மடங்கு, அதாவது 35 ஆம்பியர் கேட்கும். அப்போது 35 வோல்ட் குறையும். மாலை வேளையில் வீட்டுக்கே 200 வோல்ட்தான் வருகிறதென்றால், மோட்டாருக்குக் கிடைப்பது 165. அது சுழலாமல் 'ம்ம்' என்று முனகிக்கொண்டு, சூடேறிக் கருகும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இந்தக் குறைவு 13 வோல்ட்தான். கம்பியில் மிச்சம் பிடித்தால் மோட்டாரில் இழக்க நேரிடும்.

வயர் போகும் வழி

நிலத்தடியில் கொண்டுசெல்வதே உத்தமம். அதற்கென இரும்புக் கவசமிட்ட கேபிள் இருக்கிறது. சுவருக்குள் போடும் சாதாரண வயரை மண்ணில் புதைக்கலாகாது. முக்கால் மீட்டர் ஆழத்தில் மணற்படுகை இட்டு, கேபிளை வைத்து, மேலும் மணல் மூடி, அதன்மேல் செங்கல் வரிசை பரப்ப வேண்டும். நாளை தென்னைக்குப் பாத்தி கட்டுபவரின் மண்வெட்டி முதலில் செங்கல்லில் இடித்து எச்சரிக்கும். கேபிள் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து மெயின் பலகைக்கு அருகில் ஒட்டிவையுங்கள்.

மேலாகத்தான் கொண்டுசெல்ல முடியுமென்றால், வைக்கோல் வண்டி தடையின்றிப் போகும் உயரத்தில், தனிக் கம்பங்களில், பீங்கான் அல்லது பிளாஸ்டிக் காப்பான்களின்மேல் ஒட்டின்றிச் செல்ல வேண்டும். மரத்தில் கட்டவே கூடாது. காற்றில் மரம் ஆட, வயரின் உறை நாளுக்கு நாள் தேயும். துணி காயப்போடும் இரும்புக் கம்பியை அந்தக் கம்பத்திலோ கொட்டகைத் தூணிலோ கட்டுவது பெரும் பிழை. உறை கிழிந்த வயர் எங்கோ ஓரிடத்தில் உரசினால் போதும். ஈரத்துணியுடன் வருபவர் கையில் மின்சாரம் இறங்கும். கொடிக்குக் கயிறே போதும்.

கொட்டகைக்குள்

ஆர்.சி.சி.பி.யையும் எம்.சி.பி.யையும் வீட்டு மெயின் பலகையிலேயே, கொட்டகைக்கென்று தனியாக அமைக்க வேண்டும். அப்போது இடையிலுள்ள கேபிளும் அவற்றின் காவலில் அடங்கும். கொட்டகையில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் சுவிட்சு ஒன்று வாசலருகே இருக்கட்டும்.

சுவிட்சுகளும் பிளக்குகளும் மாட்டின் நாக்கும் கொம்பும் எட்டாத உயரத்தில், தண்ணீர் புகாத மூடியுள்ள பெட்டிகளில் இருக்க வேண்டும். கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்து செம்பையும் பித்தளையையும் அரிக்கும். திறந்த இணைப்புகள் விரைவில் பச்சை பூத்துவிடும். வயர்களை எலி கடிக்காதபடி குழாய்க்குள் செலுத்துங்கள். வைக்கோலுக்கு அருகில் விளக்கோ பிளக்கோ வேண்டாம்.

மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை உடைத்தெறிந்துவிட்டு இரண்டு துளையில் செருகுவோர் உண்டு. அம்முனை நீண்டிருப்பதே, செருகும்போது எர்த் முதலில் சேரவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவும்தான்.

ஒயர்மேன் கிளம்புமுன்

வேலை முடிந்ததும் இவற்றைக் கேளுங்கள். எர்த் குழாயின் தடையை அளந்தாரா, எத்தனை ஓம்? வயர்களின் மின்காப்பை மெக்கர் கருவியால் சோதித்தாரா? எல்லாச் சுவிட்சுகளும் பேஸ் வயரில்தான் இருக்கின்றனவா? எர்த் வயர் ஒவ்வொரு பிளக்கிலும் இயந்திரத்திலும் உண்மையாகவே சேர்ந்திருக்கிறதா? மோட்டார் போன்ற புதிய சுமை சேர்ப்பதாயின் முன்கூட்டியே மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் 'டி' என்று குறித்த பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். சுவிட்சு உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஆனால் இப்பொத்தான் கருவியைத்தான் சோதிக்கிறது. எர்த் வயர் அறுந்திருப்பதை அது சொல்லாது. அதற்கு ஆண்டுக்கொருமுறை, கோடையில் மண் காய்ந்திருக்கும்போது, எர்த்தை அளக்கச் சொல்ல வேண்டும்.

மழைக்காலத்தில் இக்கருவி அடிக்கடி விழுவதுண்டு. 'தொந்தரவாக இருக்கிறது' என்று அதை நீக்கி நேராக இணைத்துவிடுவோரும் உண்டு. அது விழுகிறதென்றால் எங்கோ தண்ணீர் புகுந்து மின்சாரம் கசிகிறது என்று பொருள். கசியும் இடத்தைத் தேடுங்கள். காவற்காரனை வேலையை விட்டு நீக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எவரேனும் ஷாக்கில் சிக்கினால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாதபோது, காய்ந்த பலகைமேல் நின்று காய்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சும் நாடியும் நின்றிருந்தால், உதவி வரும்வரை மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வலுவாக அழுத்திக்கொண்டே இருங்கள்.

இன்று மாலையே ஒரு வேலை செய்யலாம். மெயினை நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டிலிருந்து கொட்டகைவரை செல்லும் வயரின் வழியே, அதைத் தொடாமல் நடந்து பாருங்கள். எத்தனை ஒட்டுகள், எத்தனை ஆணிகள், எர்த் வயர் இருக்கிறதா இல்லையா என்று எண்ணுங்கள். எர்த் வயரே இல்லையென்றால், ஒயர்மேன் வந்து சரிசெய்யும்வரை அந்த மெயினை நிறுத்தியே வையுங்கள். சில நாள் பால் கறக்க ஒரு கைவிளக்குப் போதும்.